மழைக்கு முன் அம்மாவை எங்கே கூட்டிப்போவது?

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை காலை. வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். மிக்ஜாம் புயல் இன்னும் கரையைக்கூடக் கடக்கவில்லை, கடலில்தான் இருந்தது. அம்மாவுக்கு 78 வயது, நுரையீரல் அடைப்பு நோய். பகலில் பாதி நேரமும் இரவு முழுக்கவும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் ஓட வேண்டும். விடிவதற்கு முன்பே கரண்ட் போயிருந்தது. இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியபோது, மாடியிலிருந்து நாலு பையன்கள் இறங்கி வந்தார்கள். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இரண்டாம் மாடி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். படி திருப்பத்தில் நாற்காலிக் கால் ஒன்று மளுக்கென்றது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. “கண்ணாடிடா, கட்டில்ல கண்ணாடி” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் எதையும் முடிவு செய்யவில்லை. மிச்சமிருந்தது மாடி ஒன்றுதான், ஏறினோம். இரண்டு நாள் முன்னால் கையில் ஐந்து வழி இருந்தது: வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்வது, பரங்கிமலையில் இருக்கும் அண்ணன் வீடு, மருத்துவமனை, மாநகராட்சி முகாம், லாட்ஜ். நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அடைபட்டன. ஞாயிறு மதியம் வரை கால்டாக்சி வந்தது, ராத்திரி வரவில்லை. அவ்வளவுதான் கதை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் இந்த ஐந்தையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மெஷினோ, ஊசியோ, டயாலிசிஸோ இல்லாமல் முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால் உங்களுக்கும் உதவும். எது பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் போதாது, எது எந்த நேரம் வரை திறந்திருக்கும் என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் பெரியது என்பது என் எண்ணம்.

புயல் என்றால் வானிலை ஆய்வு மையம் ஏறக்குறைய 72 மணி நேரம் முன்பே கண்காணிக்கச் சொல்லிவிடும். 48 மணிக்கு முன் உஷார், 24 மணிக்கு முன் எச்சரிக்கை. ஓடியாடும் ஆட்கள் உள்ள குடும்பம் ரெட் அலர்ட் வரும் வரை காத்திருக்கலாம், தவறில்லை. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு 48 மணி என்பதே கடைசி. ஏனென்றால் நோயாளியை இடம் மாற்றுவதே ஓர் ஆபத்து. 2011இல் ஃபுகுஷிமா அணு உலையைச் சுற்றியிருந்த மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் அவசர அவசரமாகக் காலி செய்தபோது, அந்தப் பயணத்திலும் அதையொட்டியும் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். தேவையான கவனிப்பு இல்லாமல் பேருந்தில் மணிக்கணக்கில் உட்கார வைக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அலைக்கழித்துக் கொண்டுபோவதைவிட இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது என்று ஆகிவிடும் நேரம் ஒன்று உண்டு. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அந்த நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலேயே இருந்துவிடலாமா?

தரைத்தளம் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். முதல் மாடிக்கு மேல் என்றால் யோசிக்கலாம். ஆனால் மாடி என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கவும் முடியாது. பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டு மாடி வரை உண்டு. மேல் மாடியில் தண்ணீர் வராது, சரி. கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. முட்டி வலிக்காரரோ பக்கவாதம் வந்தவரோ அங்கே நனையாமல் சிறைப்பட்டிருப்பார்.

வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது கடைசியில் கரண்ட் கணக்கில்தான் வந்து நிற்கிறது. வெள்ளம் ஏறினால் மின்வாரியம் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும். துண்டிக்கவும் வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஆள் போய்விடும். எனவே மூன்று நாள் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆகவே மூன்று நாள் என்பது குறைந்தபட்சம்.

அம்மாவின் மெஷின் ஐந்து லிட்டர் ரகம், சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் இருப்பது எல்லோரும் வைத்திருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) இன்வெர்ட்டர் பேட்டரி. 12ஐ 150ஆல் பெருக்கினால் காகிதத்தில் 1,800 வாட் ஹவர் வரும். நஷ்டம் போக, ஒரு ஃபேனும் லைட்டும் கூட ஓடினால், மூன்று நாலு மணி நேரம் தாங்கும். “வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு” என்ற தைரியத்தின் மொத்த நீளம் அவ்வளவுதான். இன்னொரு பேட்டரி வாங்கலாமா என்று நானும் யோசித்தேன். இரண்டாவது பேட்டரி இன்னும் மூன்று நாலு மணி நேரம் தரும். அதுவும் தரையில், சுவரோரம், தண்ணீர் முதலில் தொடும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

சிலிண்டர் கணக்கு வேறு மாதிரி. பி டைப் எனப்படும் இடுப்பளவு சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் போனால் பன்னிரண்டரை மணி நேரம். டி டைப் எனப்படும் ஆள் உயர சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர், அதே வேகத்தில் 58 மணி நேரம். கரண்டே வேண்டாம். பேட்டரிக்குப் போடும் பணத்தில் சிலிண்டரை வாடகைக்கு எடுத்துவிடலாம், நாலு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கலாம். என் ஓட்டு சிலிண்டருக்குத்தான். டி டைப்பைத் தூக்கி மாடி ஏற்ற இரண்டு பேர் வேண்டும் என்பதால் இரண்டு பி டைப் வைப்பது எங்களுக்குத் தோது. எத்தனை லிட்டரில் வைப்பது என்பதை மருத்துவர் சொன்னபடியே வையுங்கள். நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சு வாங்குகிறதே என்று பாசத்தில் கூட்டிவிட்டால் அது எதிராகத் திரும்பும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று: கரண்ட் போனதும் நம் கை தானாக மெழுகுவர்த்தியைத் தேடும். ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி, அகல் விளக்கு, கொசுவத்தி எதுவும் கூடாது. டார்ச் மட்டும்தான். பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மழைக்குப் பயந்து அதை வராந்தாவிலோ மூடிய பால்கனியிலோ வைத்து ஓட்டுவார்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமலே ஆளைக் கொன்றுவிடும்.

சர்க்கரை நோயாளி மட்டும் என்றால் மேல்மாடி வீடே போதும். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதே என்று இன்சுலினைத் தூக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். உபயோகத்தில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் குப்பிகள் வெயில் படாத இடத்தில் நாலு வாரம் தாங்கும், மழைக்காலச் சென்னையில் அது கஷ்டமே இல்லை. மண்பானையில் ஈர மணல் போட்டு, நடுவில் ஒரு சின்ன டப்பாவில் வைத்தால் இன்னும் நல்லது. ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்துபோனால் வீண். கவனிக்க வேண்டியது வேறு இடம். வெள்ள நாளில் சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாது. ஊசியைப் போட்டுவிட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சாப்பாடு கைக்கு வந்த பிறகு ஊசி.

உறவினர் வீடு

எங்களைப் பொறுத்தவரை இதுதான் முதல் தேர்வு. செலவு இல்லை, கவனிக்க ஆள் உண்டு, கக்கூஸ் பழகினது. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, அந்த வீடு எங்கே இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்துக்கோ முடிச்சூருக்கோ போவது ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போவது மாதிரி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் ஒரே நாளில்தான் மூழ்கும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு சுமார் 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டபோது, அடையாற்றங்கரையில் இருந்த சைதாப்பேட்டை அத்தை வீடு பாதுகாப்பு என்று நம்பிப் போனவர்கள் அங்கிருந்து மறுபடி ஓடினார்கள். உறவு நெருக்கத்தைப் பார்க்காமல் மேட்டைப் பாருங்கள். பிடிக்காத சித்தப்பா மேட்டில் இருந்தால் சித்தப்பா வீடுதான்.

இரண்டாவது, தூரம். சொந்த ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். மிக்ஜாம் வந்த அதே 2023 டிசம்பரில், 17, 18ஆம் தேதிகளில், தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. அதில் ஆக்சிஜன் தேவைப்படும் ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடம் போதும்.

மூன்றாவதுதான் கஷ்டம், அம்மாவைச் சம்மதிக்க வைப்பது. “நாலு சொட்டு மழைக்குப் பயந்து மூட்டை கட்டிக்கிட்டு மருமக வீட்டு வாசல்ல போய் நிக்கணுமா?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. அண்ணிதான் வழி கண்டுபிடித்தார். தீபாவளி முடிந்த வாரமே வந்து, “அத்தை, பேத்திக்குப் பரீட்சை, பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க” என்று கூட்டிப்போனார். அந்த ஒரு வாரத்தில் ஒத்திகையும் நடந்துவிட்டது. மெஷின் பிளக் கட்டிலுக்கு எட்டவில்லை, பாத்ரூம் வாசலில் உயரமான படி, ராத்திரி லைட் இல்லை என்பதெல்லாம் மழையில்லாத நாளிலேயே தெரிந்தது. மறதி நோய் உள்ளவர்களுக்கு இந்த ஒத்திகை இன்னும் அவசியம். புது இடம் அவர்களை ரொம்பக் குழப்பும், ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். பழைய போர்வையும் தலையணையும் கூடவே போகட்டும், சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

எத்தனை நாள் என்றும் முன்பே பேசிவிடுங்கள். மூன்று நாள் என்று நினைத்துப் போவோம், பத்து நாள் ஆகும். தண்ணீர் வடிந்த வீட்டில் சுவர் ஈரம், பூஞ்சை, போதாக்குறைக்குப் பிளீச்சிங் பவுடர் நெடி. நுரையீரல் நோயாளியை அந்த வாசனைக்குள் கூட்டிவரக் கூடாது.

மருத்துவமனை

கேட்கும்போது இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். அக்கம்பக்கத்தில் பலர் “பேசாம ரெண்டு நாள் அட்மிட் பண்ணிடுங்க” என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிலையாக இருக்கும் ஒருவரை மழைக்காகச் சேர்த்தால், மருத்துவத் தேவை இல்லை என்று காப்பீடு பணம் தராது. அங்கே வேறு தொற்று ஒட்டிக்கொள்ளும். அதோடு, மருத்துவமனைக்கு வெள்ளம் வராது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்களா? 2015இல் அடையாற்றங்கரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். 2023இல் தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குள்ளேயே தண்ணீர் நின்றது. சேர்ப்பதென்றால் சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஜெனரேட்டர் எந்தத் தளத்தில், டீசல் எத்தனை மணி நேரத்துக்கு? அடித்தளத்தில் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆனால் இரண்டு வகையினருக்கு மருத்துவமனைதான் வழி. பிரசவ தேதி நெருங்கிய கர்ப்பிணிகள் முதல் வகை. புயல் அறிவிப்பு வந்ததும் இவர்களைக் கணக்கெடுத்து முன்கூட்டியே அரசு மருத்துவமனைகளில் சேர்ப்பது தமிழ்நாட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. கிராம சுகாதார செவிலியர் கூப்பிட்டால் பிகு பண்ணாமல் போய்விடுங்கள். இரண்டாவது, மூச்சு கொடுக்கும் வெண்டிலேட்டரோ சளியை உறிஞ்சும் சக்‌ஷனோ வீட்டில் ஓடும் நோயாளிகள். இவர்களுக்கு சிலிண்டர் கணக்கெல்லாம் போதாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தனி ரகம். இவர்களுக்கு எங்கே தங்குவது என்பதைவிட அடுத்த டயாலிசிஸ் எப்போது என்பதே முக்கியம். புயல் திங்கட்கிழமை என்றால், திங்கட்கிழமை முறையைச் சனிக்கிழமையே செய்துவிட முடியுமா என்று சென்டரில் கேளுங்கள். 2012இல் அமெரிக்காவில் சாண்டி புயலுக்கு முன்பே டயாலிசிஸ் முடித்துக்கொண்டவர்களுக்குப் பிறகு மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் குறைவாக இருந்ததாக ஆய்வு சொல்கிறது. நம் ஊரிலும் கேட்டால் முடிந்தவரை செய்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. வயிற்று வழி டயாலிசிஸ் என்றால் இரண்டு வாரத்துக்கான திரவப் பைகள் பரண்மேல் இருக்கட்டும், கட்டிலடியில் வேண்டாம்.

இன்னொன்று, வெள்ள நாளில் நல்லெண்ணத்தோடு வரும் உணவே இவர்களுக்கு விஷமாகலாம். வாழைப்பழம், இளநீர், உப்புக்கரைசல் பொட்டலம், ஊறுகாயோடு தயிர்சாதம். முதல் மூன்றிலும் பொட்டாசியம், கடைசியில் உப்பு. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உயிர் கொடுக்கும் அதே கரைசல், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இதயத்தை நிறுத்தவும் கூடும். வெறும் அவல், பிஸ்கட், அளந்து வைத்த தண்ணீர் என்று தனிப் பை கட்டி வைத்துவிடுங்கள். தண்ணீரும் குறைவாகத்தான்.

முகாமும் லாட்ஜும்

முகாம் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. குடிசையிலோ தரைத்தள ஒற்றை அறையிலோ இருப்பவர்களுக்கு இது கௌரவம் பார்க்கும் விஷயம் இல்லை. கடலோர மாவட்டங்களில் சுனாமிக்குப் பிறகு கட்டிய புயல் பாதுகாப்பு மையங்கள் பல உறுதியானவை. சென்னையில் பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகளும் சமுதாய நலக்கூடங்களும்தான். சாப்பாடு வரும், மருத்துவக் குழு வரும். முதியவருக்கு அங்கே உள்ள பிரச்சினை இரண்டு: தரையில் படுப்பது, இந்தியன் டாய்லெட்.

அதனால்தான் முதலில் போய்விடுங்கள் என்கிறேன். கூட்டம் வரும் முன் போனால் கழிப்பறைக்குப் பக்கத்து வகுப்பறை கிடைக்கும், இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுக் கட்டிலாக்கலாம், ஒரு பிளக் பாயிண்டைப் பிடித்துக்கொள்ளலாம். மடக்கும் கமோட் நாற்காலி ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெண்கள் எத்தனையோ பேர். மெஷின் தேவைப்படுபவருக்கு முகாம் சரிவராது, அங்கேயும் கரண்ட் போகும். லாட்ஜ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காசு இருந்து, மேட்டில் இருந்து, ஜெனரேட்டரும் இருந்தால் நல்ல வழிதான். வெள்ள வாரத்தில் வாடகை எகிறும், ரூம் கிடைக்காது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது வெளியே தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரிடம் சொல்லிவையுங்கள், தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, சென்னை மாநகராட்சிக்கு 1913. இவை எல்லாம் போனில் சார்ஜும் டவரும் இருக்கும் வரை. மிக்ஜாமில் எங்கள் பகுதியில் டவரே படுத்துவிட்டது, வாட்ஸ்அப் குரூப்பில் கடைசியாக வந்தது ஒரு குட் மார்னிங். இப்போது எங்கள் அடுக்ககத்தில் படிக்கட்டுச் சுவரில் லேமினேட் செய்த ஒரு காகிதம்: எந்த வீட்டில் யார், என்ன மருந்து, தூக்க எத்தனை பேர் வேண்டும். அந்தரங்கம் என்று முதலில் சண்டை வந்தது. பிறகு பெயரை எடுத்துவிட்டு வீட்டு எண் மட்டும் போட்டோம்.

அன்றைக்கு மாடி அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மதியம் ஒரு ஃபைபர் படகில் பி டைப் சிலிண்டர் வந்து சேர்ந்தது. அம்மாவின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. ரெகுலேட்டர் இருந்தது, டியூப் இருந்தது, வால்வைத் திறக்கும் சாவியைத்தான் காணோம். மூன்றாம் மாடிப் பிளம்பர் தம்பி தன் ஸ்பேனரால் திருகித் திறக்கப் பத்து நிமிடம் ஆனது. இப்போது அண்ணன் வீட்டில் நிற்கும் இரண்டு சிலிண்டர்களின் கழுத்திலும் சாவி தொங்குகிறது, அம்மாவின் பழைய பாவாடை நாடாவில் மூன்று முடிச்சுப் போட்டு.